கொழும்பிலிருந்து ஒரு நாள் பாய்ப்படகு: பொல்கொட ஏரிக்கு நண்பர்களோடு போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"ஒருநாள் பாய்ப்படகு ஓட்டப் போவமா?" என்று வட்ஸ்அப் குழுவில் யாராவது கேட்பார்கள். நாலு பேர் இதயம் போடுவார்கள். ஒருவர் "எப்ப மச்சான்?" என்பார். அப்புறம் ஆறு மாதத்துக்குச் சத்தம் இருக்காது. எங்கள் வெள்ளவத்தைக் கூட்டமும் அப்படித்தான் இருந்தது. ஒருவழியாக ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். அன்றே படகைக் கவிழ்த்தோம். அதற்குப் பிறகும் விடாமல் போய்க்கொண்டிருக்கிறோம். எங்களுக்கு முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாமே என்று பிறகு நினைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதை வாசித்துவிட்டுத் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு படகிலும் ஓட்டத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். மற்றவர்கள் சும்மா பாரமாக உட்கார்ந்திராமல் உதவியாக இருக்கவும், கூட்டிப்போகிறவர் பொறுப்பாக ஏற்பாடு செய்யவும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இடம்

பாய்ப்படகு ஓட்ட அமைதியான விரிகுடா கொழும்பில் எங்கே என்று கேட்டால், பதில் சொல்லக் கொஞ்சம் கஷ்டம். திருகோணமலைக்கு இயற்கை அள்ளிக் கொடுத்ததைக் கொழும்புக்குக் கிள்ளியும் கொடுக்கவில்லை. இன்று துறைமுகத்துக்குள் தெரியும் அமைதியான தண்ணீர் அலைதாங்கி கட்டி உண்டாக்கியது. தென்மேற்கு அலைதாங்கிக்கு 1875இல் அடிக்கல் வைத்து 1885இல் முடித்தார்கள். அதற்கு முன் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டு நின்றன. பெரிய கப்பல்கள் காலித் துறைமுகத்தைத்தான் நம்பின.

அந்தத் துறைமுகத்துக்குள் றோயல் கொழும்பு யாட் கிளப் என்று பழைய படகுக் கழகம் ஒன்று இருக்கிறது. ஆனால் துறைமுகம் பாதுகாப்பு வலயம். அங்கத்தவர் யாராவது கூட்டிப்போனால் ஒழிய, முதல் நாள் உல்லாசத்துக்கு அது சரிப்படாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கரையில் கல்லும் ரயில் பாதையும்தான். படகை இறக்கவே இடமில்லை. கல்கிசையில் மணல் இருக்கிறது, ஆனால் கரையில் உடையும் அலையைத் தாண்டிப் போக அனுபவம் வேண்டும். வடக்கே நீர்கொழும்புக் களப்பில், ஒரு பக்கம் மிதவை கட்டிய ஒருவ வள்ளத்தில் மீனவர்களே கூட்டிப்போவார்கள். அழகான அனுபவம். ஆனால் அங்கே நீங்கள் பயணி மட்டும்தான்.

கயிற்றைக் கையில் பிடித்துப் பழக வேண்டுமென்றால் பொல்கொடதான். மொரட்டுவைக்கும் பாணந்துறைக்கும் கிழக்கே, வடக்கு ஏரி தெற்கு ஏரி என இரண்டாகப் பிரிந்து, நடுவே ஆற்றால் இணைந்து, பாணந்துறையில் கடலில் சேரும் நீர்ப்பரப்பு. கடலுக்குக் கிட்ட இருப்பதால் கடற்காற்று வருகிறது; கடல் இல்லை என்பதால் பேரலை இல்லை. விழுந்தாலும் நாலு பக்கமும் கரை கண்ணுக்குத் தெரியும். புதிதாகப் பழகுகிறவனுக்கு அந்தக் கரைதான் பாதித் தைரியம்.

படகு கிடைக்கும் வழிகள் மூன்று: ஏரிக்கரைக் கழகமொன்றின் அங்கத்தவரோடு விருந்தினராகப் போவது (சிலோன் மோட்டர் யாட் கிளப் அங்கேதான் இருக்கிறது, பெயரில் மோட்டர் இருந்தாலும் பாய்ப்படகும் ஓட்டுகிறார்கள்), பயிற்சி வகுப்பாகப் பதிவது, அல்லது வாடகைக்கு எடுப்பது. எந்த வழியானாலும் போனிலேயே நாலு கேள்வி கேளுங்கள். நாங்கள் தண்ணீரில் இருக்கும்போது மோட்டர்ப் படகு ஒன்று தயாராக நிற்குமா? லைஃப் ஜக்கெட் எல்லா அளவிலும் இருக்கிறதா? ஒவ்வொரு படகிலும் தெரிந்த ஆள் வருவாரா? காற்று இல்லாவிட்டால் வேறு நாள் தருவீர்களா? முதல் கேள்விக்கு "அதெல்லாம் தேவைப்படாது" என்று பதில் வந்தால், நன்றி சொல்லிப் போனை வையுங்கள்.

எப்போது போவது

எங்கள் கூட்டத்தில் ஒருவனுடைய தாத்தா வல்வெட்டித்துறைக்காரர். 1930களில் அந்த ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, அது அட்லாண்டிக் தாண்டி 1938இல் மசாசுசெட்சில் இருக்கும் குளொஸ்டர் துறைக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்ட ஊரின் பேரனுக்குப் படகைப் பற்றித் தெரிந்தது தாத்தா சொன்ன நாலு காற்றின் பெயர்கள் மட்டும்தான்: வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோளகம், மேற்கிலிருந்து கச்சான். நமக்குக் கச்சான் என்றால் காலிமுகத்திடலில் கடதாசிச் சுருளில் வாங்கிக் கொறிக்கும் நிலக்கடலை. ஆனால் கொழும்புப் பக்கம் பாய்ப்படகு ஓட்ட உங்களுக்கு வேண்டியது மற்றக் கச்சான்தான்.

காரணம் எளிது. பகலில் வெயில் ஏற ஏறத் தரை கடலைவிட வேகமாகச் சூடாகிறது. தரைக்கு மேல் உள்ள காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. நமக்குக் கடல் மேற்கில் இருப்பதால் அது மேற்குக் காற்று. டிசம்பர் முதல் மார்ச் வரை வாடைக்காலம். அப்போது மேற்குக் கரையில் காலையில் தரையிலிருந்து மெல்லிய காற்று, பிறகு ஒரு வெறுமை, பிறகு முற்பகல் பத்தரை பதினொரு மணியளவில் கடற்காற்று. பின்னேரம் இரண்டு மூன்று மணிக்கு அது நன்றாகப் பிடிக்கும், ஐந்துக்குப் பிறகு ஓயும். பழகுகிறவர்களுக்கு இந்த மாதங்கள்தான்.

மே முதல் செப்டெம்பர் வரை சோளகம். தென்மேற்குப் பருவக்காற்று முரட்டுத்தனமாக, விட்டு விட்டு அடிக்கும். ஏரியில் நல்ல நாட்களும் வரும். அனுபவசாலிகள் அதற்காகவே காத்திருப்பார்கள். நீங்கள் காத்திருக்காதீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை பளிச்சென்று இருக்கும். மத்தியானம் திரும்பினால் இடி. படகின் அலுமினியப் பாய்மரம்தான் அந்த நீர்ப்பரப்பிலேயே உயரமான பொருள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

போவதற்கு முதல் நாள் மாலை வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பாருங்கள். கடற்பிராந்தியங்களுக்கென்று தனியாக ஒன்று தமிழிலும் வரும். அதில் கொழும்புப் பகுதிக் காற்றின் வேகம் கிலோமீற்றரில் இருக்கும். படகுக்காரர்கள் நொட்டில் கதைப்பார்கள். 1 நொட் என்பது மணிக்கு 1.85 கிலோமீற்றர். 6 முதல் 10 நொட் வரை அருமையான நாள். 12க்கு மேல் போனால் தெரிந்தவர் சுக்கானில் இருக்கட்டும். 15 என்றால் கரையில் இருந்து பிளேன்டீ குடித்தபடி மற்றவர்களைப் பாருங்கள்.

போயா விடுமுறையில் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். போகலாம். ஆனால் பூரணை நாளில் வற்றும் பெருக்கும் கூடுதல் என்பதால், ஆறு கடலில் சேரும் பாணந்துறை வாய்ப்பக்கம் இழுவை பலமாக இருக்கும். ஏரியின் நடுவில் அது தெரியாது. வாய்ப்பக்கம் எந்த நாளும் போக வேண்டாம். அன்றைக்கு மதுக்கடையும் பூட்டு என்பது எங்களில் சிலருக்குக் குறை, எனக்கு நிம்மதி. தண்ணீரில் நிற்கும்வரை யாருக்கும் ஒரு துளியும் கூடாது என்பதில் எங்கள் கூட்டத்தில் விவாதமே இல்லை.

யார் யார், எத்தனை பேர்

இங்கே அதிகம் காணும் சிறிய படகுகளில் ஒன்று ஜிபி14. பெயரிலேயே நீளம் இருக்கிறது: 14 அடி. அடிப்படையில் இரண்டு பேருக்கானது. பழகும் நாளில் மூன்றாவது ஒருவரை நெருக்கி ஏற்றலாம். நீலப் பாயோடு போகும் என்டர்பிரைஸ் அதைவிடச் சின்னது, இலகுவானது. லேசர் ஒற்றை ஆளுக்கு. அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

ஆறு பேர் என்றால் இரண்டு படகு, முறை வைத்து ஏறுவது என்பதுதான் எங்கள் கணக்கு. ஒரே நேரத்தில் எல்லாரும் தண்ணீரில் இருக்காதீர்கள். கரையில் எப்போதும் இரண்டு பேர்: ஒருவர் தண்ணீரைப் பார்க்க, ஒருவர் அவரோடு கதைக்க. தனியாக விட்டால் ஐந்து நிமிடத்தில் போனை எடுத்துவிடுவார்.

நீந்தத் தெரியாதவர் வரலாமா? வரலாம், ஒரு நிபந்தனையோடு. படகில் ஏறுவதற்கு முன் லைஃப் ஜக்கெட்டைப் போட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மல்லாந்து படுத்து ஐந்து நிமிடம் மிதக்க வேண்டும். எங்கள் தோழி ஒருத்திக்கு ஆறுகூடப் பயம். முதல் இரண்டு நிமிடம் என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. மூன்றாவது நிமிடம் காது தண்ணீருக்குள் போனதும் முகம் மாறியது, "இது என்னைத் தூக்குது என்ன?" என்றாள். அவ்வளவுதான். ஜக்கெட் தூக்கும் என்று நூறு தரம் சொல்வதை விட உடம்பு ஒரு தரம் அறிந்தால் போதும். வார்களை இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். ஜக்கெட் காது வரை ஏறி வந்தால் அது பெரிசு, மாற்றுங்கள். போட்ட ஜக்கெட்டைக் கரைக்குத் திரும்பி வரும்வரை கழற்றக் கூடாது. படகின் அடியில் கிடக்கும் ஜக்கெட் யாரையும் காப்பாற்றியதில்லை.

வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அம்மாவிடம் "மொரட்டுவையில ஒரு பார்ட்டி" என்று பொய் சொல்வதில் ஒரு லாபமும் இல்லை. எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குக் கரைக்கு வருவோம், வராவிட்டால் எந்த எண்ணுக்கு எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அம்புலன்சுக்கு 1990 என்பதை எல்லாருடைய போனிலும் போட்டு வையுங்கள்.

பையில் என்ன

முழுக்கை ரீசேர்ட், பட்டி கட்டும் தொப்பி, கண்ணாடிக்குக் கயிறு, நனைந்தாலும் கழராத செருப்பு. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கல். துப்பட்டாவும் வேண்டாம். நீளப் பின்னல் உள்ளவர்கள் கொண்டையாகக் கட்டுங்கள். கப்பிக்குள் முடி சிக்கினால் பாயை இறக்கித்தான் எடுக்க வேண்டும். மோதிரங்களை வீட்டில் வையுங்கள். வெயில் கிரீமைப் பாதத்தின் மேல்புறத்துக்கும் பூசுங்கள். அங்கேதான் எல்லாரும் மறப்பது, அங்கேதான் எரிவது. ஏப்ரல் முதற்பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். வெயில் மேலேயிருந்தும் சுடும், தண்ணீரில் பட்டுக் கீழேயிருந்தும் பளீரென்று அடிக்கும்.

ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், நினைப்பதைவிட அதிகம்போலத் தெரிந்தாலும். போனுக்குத் தண்ணீர் புகாத உறை.

சாப்பாட்டில் நாங்கள் நிறையத் தவறு செய்து பாடம் படித்தோம். இடியப்பமும் சொதியும் கட்டிப்போனோம். காற்றில் இடியப்பம் பறக்கவில்லை, சொதிதான் எல்லாரிலும் தெளித்தது. ஒரு கையால் தின்னக்கூடிய, ஒழுகாத, குலுங்கினாலும் உடையாத சாப்பாடுதான் சரி. வெள்ளவத்தையில் காலையில் வாங்கிய மரக்கறி ரோல்சும் மீன் கட்லட்டும் மத்தியானம் வரை தாங்கும். பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, மூடியை ரப்பர் பட்டியால் கட்டுங்கள். மாலு பாண் இன்னும் நல்லது, ஆனால் நனைந்தால் கஞ்சி. சாப்பாட்டைக் கரையில் விட்டுப் போவதுதான் உண்மையில் சரியான வழி. அதை ஏன் சொல்கிறேன் என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

காலை

விடியற்காலையிலேயே ஓட வேண்டாம்; காற்று பதினொன்றுக்குத்தான் வேலைக்கு வரும். எட்டுக்கு வெள்ளவத்தையில் ஏறினால் போதும். கரையோர ரயிலில் மொரட்டுவை, அங்கிருந்து ஓட்டோ. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸும் ஓடுகிறது, பொறுமை இருந்தால்.

போனதும் படகைத் தொடாமல் கரையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கரைத் தென்னையின் ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது? வலைக் கம்புகள் எங்கே நட்டிருக்கிறார்கள்? எந்தப் பக்கம் சல்வீனியா என்ற மிதக்கும் களை அடர்ந்திருக்கிறது? காற்று உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கப்போகும் கரை எது? அந்தக் கரையில் மதில் இருக்கிறதா, சேறா, யாராவது ஒருவர் வீட்டுப் புல்வெளியா? நாணல் பக்கம் நீந்தப் போகாதீர்கள். இந்த ஏரியில் முதலையும் உண்டு. நடுத்தண்ணீரில் அதைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை, புதர்க்கரையில்தான் கவனம்.

பிறகு படகு. முதல் வேலை, பின்பலகையில் உள்ள துவாரத்துக்கு அடைப்பான் போட்டிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பது. கரையில் படகுக்குள் தேங்கும் தண்ணீரை வெளியே விட அதைக் கழற்றி வைப்பார்கள். மூட மறந்தால் புறப்பட்ட பத்தாவது நிமிடம் கணுக்காலுக்குத் தண்ணீர் வரும். இதற்கென்று ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். எங்கள் கூட்டத்தில் அது நான்.

படகின் மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பி வைத்துத்தான் பாயை ஏற்ற வேண்டும். அப்போதுதான் பாய் கொடி மாதிரி நடுவில் நின்று படபடக்கும். இல்லாவிட்டால் ஏற்றும்போதே காற்றுப் பிடித்துப் படகு ஆளை இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். பெரிய பாய், அதற்கு முன்னால் சின்ன முன்பாய். பெரிய பாயின் அடியில் படுத்திருக்கும் தடிக்கு பூம் என்று பெயர். தலையில் பட்டால் கேட்கும் சத்தமும் அதுதான். முன்பாய்க் கயிறுகளின் நுனியில் எட்டுப் போல ஒரு முடிச்சுப் போடுங்கள், கப்பியிலிருந்து உருவிப் போகாமல் இருக்கும். பெரிய பாயை இழுக்கவும் விடவும் உள்ள கயிற்றைக் காட்டி, "இதுதான் பிரேக்கும், இதுதான் அக்ஸிலரேட்டரும்" என்று எல்லாருக்கும் சொல்லுங்கள்.

தண்ணீரில் முதல் ஒரு மணித்தியாலம்

பாய்ப்படகு காற்றுக்கு நேரே எதிர்த்துப் போகாது. காற்று வரும் திசைக்கு இரு புறமும் சுமார் 45 பாகைக்குள் பாயை எப்படித் திருப்பினாலும் படபடக்குமே தவிர இழுக்காது. அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் வளைந்து வளைந்து, கோயில் தேர் வீதி சுற்றுவது மாதிரிச் சுற்றித்தான் போக வேண்டும். ஆகவே முதல் ஒரு மணித்தியாலம் அந்தப் பக்கமே போகாதீர்கள். மேற்குக் காற்றென்றால் வடக்கே போய்த் தெற்கே வாருங்கள். காற்று எப்போதும் உங்கள் தோளில் படட்டும். போன வழியே திரும்பி வர முடிவது இந்த ஓட்டத்தில்தான்.

உட்காரும் இடம், காற்று வரும் பக்கத்து விளிம்பு. ஒரு கையில் சுக்கான் பிடி, மறு கையில் பாய்க்கயிறு. கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பாயின் முன்விளிம்பு, பாய்மரத்துக்குக் கிட்ட, துணி உதறுவது போல் நடுங்கத் தொடங்கும். இப்போது நடுக்கம் நிற்கும் வரை மட்டும் இழுங்கள். அதற்கு மேல் ஒரு சாணும் வேண்டாம். இந்த விடுவதும் இழுப்பதும்தான் நாள் முழுக்கச் செய்யப்போகும் வேலை. சரியாக வந்த கணம் உங்களுக்கே தெரியும்: படகின் அடியில் சளசளவென்றிருந்த சத்தம் ஒரே சீரான ஓசையாக மாறும். எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள்.

திரும்புவதற்கு முன் சுக்கானில் இருப்பவர் உரக்கச் சொல்ல வேண்டும்: "திரும்பப் போறன், ரெடியா?" மற்றவர் "ரெடி" என்று சொல்லும்வரை அசையக் கூடாது. பிறகு சுக்கான் பிடியைப் பாய் இருக்கும் பக்கம் தள்ளுங்கள். மூக்கு காற்றைக் கடக்கும், பூம் மறுபக்கம் வரும், எல்லாரும் குனிந்தபடி மறுவிளிம்புக்கு மாறுங்கள். பாதியில் பயந்து நிறுத்தினால் காற்றைப் பார்த்தபடி நடுவில் நின்றுவிடும். பரவாயில்லை, முன்பாயை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தால் மூக்குத் திரும்பும்.

காற்று பின்னாலிருந்து வரும்போது திரும்புவது வேறு கதை. அப்போது பூம் மெல்ல வராது, வீசி அடிக்கும். முதல் நாளில் அந்தத் திருப்பமே வேண்டாம். சுற்றிப் போனாலும் காற்றின் பக்கமாகவே திரும்புங்கள்.

கயிற்றை விடு

இனி எங்கள் கவிழ்ந்த கதை. முற்றிலும் என் தவறு.

கை நொந்தது என்று பாய்க்கயிற்றை உள்ளங்கையைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். ஏரியில் காற்று கடலைப் போல ஒரே சீராக வராது. கரை மரங்களுக்கு இடையிலிருந்து திடீரென்று புகுந்து வரும். வரும் முன் தண்ணீரில் தெரியும்: வெளிர்ப் பச்சைப் பரப்பில் கருமையான ஒரு திட்டு, ஆயிரம் சின்னச் சுருக்கங்களோடு நம்மை நோக்கி நகரும். அதை நான் பார்த்தேன். அழகாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். அது எங்களைத் தொட்டதும் படகு சாய்ந்தது. சாயும்போது கை இயல்பாக எதையாவது இறுக்கிப் பிடிக்கிறது. கையில் இருந்தது பாய்க்கயிறு. பிடிக்கப் பிடிக்கப் பாய் இன்னும் காற்றை அள்ளியது. சாப்பாட்டுப் பெட்டி சறுக்கிப் போவதையும், அதைப் பிடிக்க நண்பன் கை நீட்டுவதையும், மறுகணம் எல்லாமே பச்சைத் தண்ணீராக மாறியதையும் பார்த்தேன்.

மோட்டர்ப் படகில் வந்த சிங்களப் பெரியவர் திட்டவில்லை. கயிறு இன்னும் என் கையில் சுற்றியிருந்ததைப் பார்த்துவிட்டு, "கம்பே அத அரின்ன, மல்லி" என்றார். கயிற்றைக் கைவிடு தம்பி. பதினைந்து கட்லட்டும் பொல்கொட மீன்களுக்குப் போனது.

அன்றிலிருந்து புதிதாக வருகிற யாருக்கும் நான் முதலில் பழக்குவது இதுதான். படகு கரையில் கட்டியிருக்கும்போதே கயிற்றைக் கையில் கொடுத்து, திடீரென்று "விடு!" என்பேன். விரல்கள் தாமாகத் திறக்கும் வரை பத்துத் தடவை. சாய்ந்தால் விடு. பயந்தால் விடு. என்ன செய்வதென்று தெரியாவிட்டாலும் விடு. காற்று வழிந்து போய்ப் படகு நிமிர்ந்து நிற்கும். கையில் சுற்றாதீர்கள், காலில் சிக்க விடாதீர்கள், புதிய ஆள் பிடிக்கும் கயிற்றை எதிலும் பூட்டி வைக்காதீர்கள்.

அப்படியும் கவிழ்ந்தால், முதலில் தலைகளை எண்ணுங்கள், பெயர் சொல்லி, சத்தமாக. படகை விட்டு எங்கும் நீந்தாதீர்கள். கரை கிட்ட இருப்பது போலத்தான் தெரியும். பாய்க்கயிறுகள் எல்லாம் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி, ஒருவர் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையைப் பிடித்து அதில் ஏறிப் பின்னால் சாய வேண்டும். மற்றவர் உள்பக்கம் மிதந்தபடி இருக்க, படகு நிமிரும்போது அவரையும் அள்ளிக்கொண்டு எழும். பொல்கொட பல இடங்களில் ஆழமில்லை, அடி சேறு; முற்றாகத் தலைகீழானால் பாய்மரத்தின் நுனி சேற்றில் குத்தி நின்றுவிடும். அப்போது வீரம் காட்ட வேண்டாம், மோட்டர்ப் படகுக்குக் கை காட்டுங்கள். கவிழ்வது அவமானமில்லை, முடிந்தால் முதல் நாளே கரைக்குக் கிட்ட, தெரிந்தவர் பக்கத்தில் நிற்க, வேண்டுமென்றே ஒருமுறை கவிழ்த்துப் பழகுங்கள்.

யாருக்கு யார் வழி விடுவது

இரண்டு பாய்ப்படகு சந்தித்தால், இடப் பக்கத்திலிருந்து காற்று வாங்குகிறவர் வலப் பக்கத்திலிருந்து வாங்குகிறவருக்கு விலக வேண்டும். இருவருக்கும் ஒரே பக்கமென்றால், காற்று வரும் பக்கத்தில் இருப்பவர் விலக வேண்டும். முந்துகிறவர் எப்போதும் விலக வேண்டும். மோட்டர்ப் படகு பாய்ப்படகுக்கு விலக வேண்டும் என்பது சட்டம். சறுக்கு விளையாட்டுக்காரரை இழுத்துக்கொண்டு வருகிற பையனுக்கு அது தெரிந்திருக்குமா என்பது வேறு கேள்வி, ஆகவே நீங்களே விலகுங்கள். வலை போட்டிருக்கும் மீனவருக்குச் சட்டப்படியும் நாம்தான் விலக வேண்டும், நியாயப்படியும். நமக்குச் சனிக்கிழமை, அவருக்கு வேலை நாள்.

மத்தியானமும் அதன் பிறகும்

பன்னிரண்டரைக்குக் கரைக்கு வந்து சாப்பிடுங்கள். ஏரிக்கரையில் பாதி தனியார் காணி. அழகான நிழல் என்று எங்கேயாவது இறங்கி விரிப்பு விரித்தால் நாய்தான் முதலில் வரவேற்கும். புறப்பட்ட இடத்துக்கே வாருங்கள்.

கரைக்கு வரும்போது காற்றைப் பின்னால் வைத்துக்கொண்டு வேகமாக வராதீர்கள். சற்று அப்பால் போய், மூக்கைக் காற்றுக்குத் திருப்பி, கயிறுகளை விட்டு, படகு தானாக வேகம் இழந்து இறங்குதுறைக்கு வந்து தொடும்படி கணக்கிடுங்கள். மூன்றாவது தடவையில்தான் சரிவரும். இறங்குதுறையில் மோதப்போகிறது என்று காலை நீட்டித் தடுக்கவே கூடாது. ஜிபி14 வெறும் உடல் மட்டுமே 130 கிலோவுக்கு மேல். உடைவது உங்கள் கணுக்கால்தான்.

பின்னேரம் காற்று பலக்கும். இரண்டாவது சுற்றுக்குத் தெரிந்தவர் சுக்கானைப் பிடிக்கட்டும். கிழக்கே, உள்நாட்டுப் பக்கம், காலிஃபிளவர் போல முகில் குவிந்து அடி கறுத்தால் உடனே திரும்புங்கள். மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையில் 30 வினாடிக்குக் குறைவென்றால் தண்ணீரில் யாரும் இருக்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே மறுபடி இறங்க வேண்டும். இடி முகில் வரும் முன் காற்று ஒரு கணம் அடியோடு நிற்கும், அதை அமைதி என்று நம்பி ஏமாறாதீர்கள்.

காற்று வராத நாளும் உண்டு. அன்றைக்குத் துடுப்பு இருக்கிறது, பாட்டு இருக்கிறது, அரசியல் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் பாதிச் சண்டைகள் தீர்ந்ததும் புதிதாகப் பிறந்ததும் அப்படிப்பட்ட நாட்களில்தான்.

கழுவி அடுக்குவது

நாலரைக்குப் படகு கரையில் இருக்க வேண்டும். பொல்கொடத் தண்ணீரில் கடலின் உப்பும் கலந்திருக்கிறது, ஆகவே படகு, கப்பி, சுக்கான் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பாயை நனைந்தபடி மடிக்காதீர்கள், கரும்புள்ளி விழும். நிழலில் உலர்த்தி, சேலை மடிப்பது போல் இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து மடியுங்கள். ஜக்கெட்டுகளை எண்ணித் திருப்பிக் கொடுங்கள். மோட்டர்ப் படகுக்காரருக்குக் கையில் ஏதாவது கொடுங்கள், கவிழாத நாளிலும். கரைக்கு வந்துவிட்டோம் என்று வீட்டுக்குப் போன் எடுக்க மறக்காதீர்கள். அந்தப் பக்கம் ஒருவர் மூன்றரையிலிருந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசியாக, படகை லேசாகச் சாய்த்து, பின்பலகை அடைப்பானைக் கழற்றி, உள்ளே உள்ள தண்ணீரை ஓடவிட வேண்டும். கழற்றிய அடைப்பானைப் படகிலேயே ஒரு கயிற்றில் கட்டி வையுங்கள். நான் போன முறை அப்படிச் செய்யவில்லை. இரவு வெள்ளவத்தையில் நாலாம் மாடி பல்கனியில் ஈரக் காற்சட்டையைப் பிழிந்து காயப்போடும்போது, பையிலிருந்து சின்னதாய் ஏதோ விழுந்து சீமெந்துத் தரையில் உருண்டு போனது. மறுநாள் காலை ஞாயிற்றுக்கிழமை ரயிலில் அதை ஒரு கையில் வைத்துக்கொண்டு மொரட்டுவைக்குப் போனேன்.